எந்தக் கரைப் பெர்மிட்?

லூயிஸ்டனில் நீலப் பாலம் ஏறுவதற்கு முன்னால் வலது கைப்பக்கம் ஒரு மஞ்சள் கூண்டு நிற்கும். அதுதான் என் காபிக் கடை. வண்டியை விட்டு யாரும் இறங்க வேண்டாம். அவர்கள் ஜன்னலுக்கும் என் ஜன்னலுக்கும் நடுவில்தான் வியாபாரம். பாலத்துக்கு இந்தப் பக்கம் ஐடஹோ, அந்தப் பக்கம் வாஷிங்டன். அந்தக் கரையில் மளிகைக்கு வரி கிடையாது, இந்தக் கரையில் உண்டு. அந்தக் கரையில் கஞ்சாவைக் கடை போட்டு விற்கிறார்கள், இந்தக் கரையில் சட்டைப் பையில் இருந்தாலே பிடித்து உள்ளே போடுவார்கள். ஆகவே காலை முதல் மாலை வரை ஊரில் பாதி அந்தப் பாலத்தின் மேல்தான் இருக்கும். யார் எதற்குப் போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டால் சொல்ல மாட்டேன். கேட்காவிட்டால் சொல்லிவிடுவேன்.

மார்லிஸைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை.

மார்லிஸ் குதிரைகளுக்கு லாடம் அடிப்பவள். அறுபதைத் தாண்டியாயிற்று. டிரக்கின் பின்னால் உலையும் அடைகல்லும் வைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவாள். குனிந்து குதிரையின் காலைத் தன் இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு நகம் சீவுவாள். குதிரை சோம்பேறித்தனமாக அவள் மேல் சாய்ந்தால், "உன் உடம்பை நீயே சுமடி மகாராணி, என் முதுகு உனக்கு நாற்காலி இல்ல" என்று ஒரு குத்து விடுவாள். மனிதர்களிடமும் ஏறக்குறைய அதே பேச்சுதான். அவளுடைய ஆட்களில் பாதிப் பேர் இந்தக் கரை, பாதிப் பேர் அந்தக் கரை.

இடுப்பில் சட்டைக்கு உள்ளே ஒரு சின்ன ரிவால்வர் வைத்திருப்பாள். பள்ளத்தாக்கில் தனியாகப் போகிறவள், வைக்கோல் போருக்குப் பின்னால் வால் கிலுகிலுக்கும் பாம்பு இருக்கும், சில நேரம் பாம்பைவிட மோசமான பண்ணைக்காரனும் இருப்பான். இத்தனை வருஷத்தில் அந்தத் துப்பாக்கியால் அவள் சுட்டது இரண்டு பாம்புகளையும், தவறிப்போய் தன்னுடைய தண்ணீர் வாளியையும்தான். வாளியைப் பற்றிக் கேட்டால் கோபம் வரும்.

இந்தக் கரையில் துப்பாக்கியை மறைத்து வைத்துக்கொள்ள எங்களுக்குப் பெர்மிட் தேவையில்லை. பாலத்தைத் தாண்டினால் தேவை. பெர்மிட் இல்லாதவர் தோட்டா போட்ட கைத்துப்பாக்கியை வண்டியில் கொண்டுபோவதே அங்கே குற்றம். அதனால் பாலம் ஏறுமுன் என் கடை ஓரம் வண்டியை நிறுத்தி, தோட்டாக்களைக் கழற்றி, துப்பாக்கியைப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போவது எங்கள் ஊர் வழக்கம். திரும்பி வரும்போது மறுபடி நிறுத்தி மறுபடி போட்டுக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் ஒருவர் காபி வாங்க வந்து, சுற்றிலும் நாலைந்து வண்டியில் ஆட்கள் தோட்டாவைக் கிளிங் கிளிங் என்று கொட்டுவதைப் பார்த்து, கோப்பையைக்கூட வாங்காமல் ஓடிப்போனார். மார்லிஸும் தினமும் இப்படித்தான். தோட்டாவைக் கழற்றும் கையோடு காபி, காபியோடு என்னிடம் நாலு வார்த்தை.

அந்த நாலு வார்த்தையில் மூன்று எல்டனைப் பற்றித்தான் இருக்கும், அவள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

எல்டன் அந்தக் கரைக்காரர். ஆற்றின் மேல்பக்கப் பண்ணைகளுக்குத் தபால் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். படகில் தனியாகவே இருந்து பழகியதால் வாயில் கொழுக்கட்டை. மனைவி இறந்து பல வருஷம். வீட்டில் ஒரு கோவேறு கழுதை உண்டு. அதற்கு ஆறு வாரத்துக்கு ஒரு தடவை நகம் சீவினால் போதும். எல்டன் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மார்லிஸைக் கூப்பிடுவார். "இப்படியே போனா அந்தக் கழுதை முட்டி போட்டுத்தான் நடக்கணும்" என்று நான் சொன்னதற்கு மார்லிஸ் என்னை முறைத்தாள். போதாததற்கு, தான் பிடித்துப் புகை போட்ட மீனைக் காகிதத்தில் சுற்றி என் கடையில் கொடுத்துவிட்டுப் போவார். "மார்லிஸ் வந்தா குடுத்துடு ரோவீனா" என்பார். மூன்று வருஷம் மீனாகவே பேசிக்கொண்டிருந்தார் மனுஷன்.

போன வசந்தத்தில் ஒரு காலை, அப்படி ஒரு மீன் பொட்டலம் வந்திருந்தது. மார்லிஸ் அதைப் பிரித்து அங்கேயே தின்ன ஆரம்பித்தாள். நானும் எல்டன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்த கதையைச் சொன்னேன். விரலைச் சப்பிக்கொண்டே வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள். தோட்டாவைக் கழற்றவில்லை. இதில் என் தவறு ஒன்றும் இல்லை.

அந்தக் கரையில் பின்விளக்கு எரியவில்லை என்று ஷெரிஃபின் ஆள் கர்ட் வண்டியை நிறுத்தினான். எங்கள் பக்கத்தில் ஒரு மரியாதை உண்டு. கையை ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு, கேட்குமுன்னே துப்பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுவோம். மார்லிஸ் அதே பழக்கத்தில் வாயைத் திறந்தாள்.

"கர்ட், முதல்லயே சொல்லிடுறேன், இடுப்புல துப்பாக்கி இருக்கு."

"தோட்டா இல்லாமத்தானே அம்மா?"

"ஆமா, எப்பவும் ரோவீனா கடையில கழட்டிட்டு..." என்று ஆரம்பித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "ஐயோ, மீனு!"

கர்டுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் குதிரைக்கு லாடம் அடிப்பது மார்லிஸ்தான். துப்பாக்கியை வாங்கித் தோட்டாவைக் கழற்றி, பெட்டியில் பூட்ட வைத்தான். "இதான் முதலும் கடைசியும். அடுத்த தடவை நான் நிறுத்தினாலும் சரி, வேற யாராச்சும் நிறுத்தினாலும் சரி, கேஸ் ஆயிடும். அப்புறம் துப்பாக்கியையே மறந்துட வேண்டியதுதான். ஏதாச்சும் ஒரு பெர்மிட் வாங்கித் தொலைங்க அம்மா" என்றான். மார்லிஸ் திரும்பி வந்தபோது முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் என் ஜன்னல் ஓரம் ஒரு மகாநாடே நடந்தது. துப்பாக்கி வகுப்பு எடுக்கும் ட்ரூடி வந்திருந்தாள். எல்டன் தன் வண்டியில் உட்கார்ந்து காபியை ஊதிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வழி இருக்கு" என்றாள் ட்ரூடி. "ஒண்ணு, நம்ம ஐடஹோவோட பெரிய பெர்மிட். என் வகுப்புல ஒரு நாள் முழுக்க உக்காரணும், தொண்ணூத்தெட்டு ரவுண்டு சுடணும். அதை அந்தக் கரையிலயும் ஒத்துக்கிறாங்க. இன்னொண்ணு, அந்தக் கரைக்கே போய் வெளியூர்க்காரின்னு சொல்லி அவங்க பெர்மிட்டை வாங்கறது. வகுப்பு கிடையாது. கைரேகை வெச்சுட்டு வந்துடலாம். ஆனா உள்ளூர்க்காரங்களைவிட உன்னை அதிக நாள் காக்க வைப்பாங்க."

"ஒரு நாள் முழுக்க உன் மூஞ்சியைப் பாக்கறதா, மாசக்கணக்கா தபால்காரன் மூஞ்சியைப் பாக்கறதா?" என்றாள் மார்லிஸ்.

அப்போது எல்டன் தொண்டையைக் கனைத்தார். நாங்கள் மூன்று பேரும் திரும்பினோம், ஏனென்றால் அது அடிக்கடி நடப்பதில்லை.

"மூணாவதா ஒரு வழி இருக்கு."

"என்ன?"

"உள்ளூர்க்காரியாவே ஆயிட்டா சீக்கிரம் குடுத்துடுவாங்க." காதெல்லாம் சிவந்துவிட்டது. "என் வீட்டு விலாசம் இருக்கே. அதை எழுதலாமே."

மார்லிஸ் கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்தக் கர்ட் பையன் என்னை நம்பி விட்டிருக்கான். நீ என்னைப் பொய் விலாசம் எழுதச் சொல்றியா? இத்தனை வயசுக்கு மேல என்னைத் திருட்டுத்தனம் பண்ணச் சொல்றியா எல்டன்?"

"அப்படி இல்ல மார்லிஸ்..."

"வேற எப்படி?"

எல்டன் கோப்பையை என் ஜன்னல் விளிம்பில் வைத்தார். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முழுக் கோப்பைக் காபி அங்கேயே ஆறிக்கொண்டிருந்தது. ட்ரூடி என்னைப் பார்த்தாள், நான் ட்ரூடியைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை.

"அடி மக்கு! அவரு பொய் விலாசம் எழுதச் சொல்லலைடி. நிஜமாவே வரச் சொல்றாரு. கல்யாணப் பேச்சுடி அது!"

மார்லிஸ் பாலத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். குதிரை உதைத்தால்கூட அவள் உடனே திருப்பித் திட்டுவாள். அன்று மக்கு என்றதற்குக்கூட என்னைத் திட்டவில்லை.

அவள் கதை எனக்குத் தெரியும். முதல் புருஷன் எண்ணெய்க் கிணறு தோண்டும் வேலைக்காரன். அவன் வேலை போன இடமெல்லாம் இவளும் போனாள், ஆறு ஊர். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பத்துக் குதிரைக்காரர்களைப் பழக்கம் பிடித்து, பிழைப்பு ஒருவழியாக நிமிர்கிற நேரத்தில் அவன் வந்து, "மூட்டையைக் கட்டு" என்பான். கடைசியில் அவன் வேறொருத்தியோடு மூட்டையைக் கட்டிக்கொண்டு போனான். அதன் பிறகுதான் மார்லிஸ் இந்தக் கரையில் மேட்டின் மேல் ஒரு சின்ன வீடும் கொட்டகையும் வாங்கினாள். கூரைக்குத் தகரம் அவளே போட்டாள். இனி எந்த ஆம்பிளைக்காகவும் விலாசம் மாற்றுவதில்லை என்று அன்றே சொல்லிவிட்டாள்.

"எல்டனை எனக்குப் பிடிக்காமயா இருக்கு?" என்றாள் கடைசியில். "ரொம்பப் பிடிச்சிருக்கு. அதான் பிரச்சினை. அந்தக் கரைக்குப் போனா எனக்கு அவன் கிடைப்பான், என் வீடு போயிடும். வீட்டை வெச்சுக்கிட்டா அவன் போயிடுவான். ட்ரூடி, உன் வகுப்புல என் பேரை எழுதிக்கோ."

அவள் ஐடஹோ பெர்மிட்டுக்குப் பெயர் கொடுத்துவிட்டாள் என்பது அன்று மாலைக்குள் எல்டனுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்பது முக்கியமில்லை. அவர் அதை, வர மாட்டேன் என்ற பதிலாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகு மீன் வரவில்லை. கழுதைக்கு நகம் சீவவும் கூப்பிடவில்லை. மூன்று வாரம் ஆயிற்று. மார்லிஸ் தோட்டாவைக் கழற்றும்போதெல்லாம், "அந்தக் கழுதைக்கு இந்நேரம் நகம் வளர்ந்திருக்கும், வலிக்கும் பாவம்" என்பாள்.

"போய்ப் பாக்கறதுதானே?"

"கூப்பிடாத வீட்டுக்கு நான் போறதில்ல."

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு உதை கொடுக்கலாம் போல இருந்தது எனக்கு.

வகுப்பு ஒரு சனிக்கிழமை. துணைக்கு நானும் பெயர் கொடுத்திருந்தேன். ட்ரூடி சட்டம் சொல்ல ஆரம்பித்தபோது கதவைத் திறந்துகொண்டு எல்டன் வந்து கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். புதுச் சட்டை. மார்லிஸ் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் கழுத்து விறைத்துக்கொண்டது.

"எல்டன், உங்ககிட்டதான் அந்தக் கரைப் பெர்மிட் இருக்கே. நான் பொறக்கறதுக்கு முன்னால இருந்து சுடறீங்க. இங்க உங்களுக்கு என்ன வேலை?" என்றாள் ட்ரூடி.

"தேவைப்படுது" என்றார். அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டுக்கு அவர் ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை நடுவில் பிரித்து வைத்தார். புகை போட்ட மீன். மார்லிஸ் நன்றியும் சொல்லவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துத் தின்றாள். பிற்பகலில் சுட்டோம். மார்லிஸின் கை ஆடவில்லை. தினமும் சுத்தியல் பிடிக்கிற கை. எல்டனும் அலட்டிக்கொள்ளாமல் சுட்டுத் தள்ளினார். நான் குறி தவறி எல்டனுடைய அட்டையைச் சுட்டேன். அவருடையதில் ஓட்டை அதிகமாக இருந்ததைப் பார்த்து ட்ரூடி தலையில் அடித்துக்கொண்டாள். என்னைப் பாஸ் போட்டது அவளுடைய பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை சான்றிதழோடு ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனோம். எங்களுக்கு முன்னாலேயே எல்டன் வந்து, பெஞ்சில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதலில் மார்லிஸின் கைரேகையை எடுத்தார்கள். வரவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார்கள். மறுபடியும் வெறும் வழுவழுப்பு.

"விரல்ல ரேகையே இல்லையே அம்மா!" என்றாள் மேசைக்காரப் பெண்.

"அரம் பிடிச்சுப் பிடிச்சுத் தேஞ்சு போச்சு. ஊர்க் குதிரைங்க குளம்பெல்லாம் தேடிப் பாரு, அங்கதான் இருக்கும்."

சுண்டு விரலில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எண்ணெய் தடவி, அழுத்தி, கெஞ்சி, ஒருவழியாக எடுத்து முடித்தார்கள். அடுத்து எல்டன். அந்தப் பெண் அவருடைய வாஷிங்டன் பெர்மிட்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சுலபம். வெளி மாநிலத்துக்காரர், அந்த மாநிலத்துப் பெர்மிட் கையில இருக்கு. இன்னைக்கே மனு எடுத்துக்கலாம்."

"நான் வெளி மாநிலம் இல்லம்மா" என்றார் எல்டன்.

"விலாசம் அந்தக் கரைன்னு போட்டிருக்கே?"

"அது பழசு. வீட்டை அண்ணன் மகளுக்கு விட்டுட்டேன். இந்தக் கரையில, ஆத்தோரம் டிரெய்லர் வீடு நிறுத்தற இடம் இருக்கு பாருங்க, அங்கதான் இருக்கேன். மூணு வாரம் ஆச்சு. கழுதையும் இங்கதான், சந்தைத் திடல் லாயத்துல."

மார்லிஸ் சட்டென்று என் பக்கம் திரும்பினாள். எனக்கும் தெரியாது! பாலத்தின் மேல் போகும் நாயைக்கூட எனக்குத் தெரியும், ஒரு மனுஷன் கழுதையோடு கரை மாறியது தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மேசைக்காரப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். "அப்ப சிக்கல் ஆச்சே ஐயா. இங்க குடி வந்துட்டீங்கன்னா ஆறு மாசம் முடிஞ்சப்புறம்தான் மனு போட முடியும். அந்தக் கரைக்காரராவே இருந்திருந்தா இன்னைக்கே போட்டிருக்கலாம்."

இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிப்பது என்பார்களே, அந்தக் கதை. இன்றே முடிகிற வேலையை, இந்த ஊர்க்காரன் என்று சொன்ன ஒரே சொல்லால் கெடுத்துக்கொண்டார்.

"காத்திருக்கேன்" என்றார் எல்டன்.

"ஆனா இந்தக் கரையில துப்பாக்கி வெச்சுக்க உங்களுக்குப் பெர்மிட்டே வேண்டாமே. எதுக்கு இவ்வளவு கஷ்டம்?"

"துப்பாக்கிக்காக இல்லம்மா." தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார். "இந்தக் கரைக்காரன்னு என் கையில ஒரு அட்டை இருந்தா, ஒருத்தர்கிட்ட காட்டலாம்னு நெனச்சேன். வாயால சொல்ல எனக்கு வர மாட்டேங்குது."

மேசைக்காரப் பெண் எல்டனைப் பார்த்தாள், மார்லிஸைப் பார்த்தாள், அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏன் எல்டன், நான் வேணாம்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்ப?" என்றாள் மார்லிஸ். குரல் வழக்கத்துக்கு மாறாகச் சின்னதாக வந்தது.

"இந்தக் கரையில நின்னு மீன் பிடிச்சிருப்பேன். மீனுக்கு எந்தக் கரைன்னு தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

"தெரியும். அதான் நான் வந்துட்டேன்."

எல்டன் வாயிலிருந்து இத்தனை வார்த்தை ஒரே நாளில் வந்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மார்லிஸ் அவர் கையில் இருந்த தொப்பியைப் பிடுங்கி அவர் தலையிலேயே கவிழ்த்தாள்.

"ஆறு மாசம் அந்தத் தகர டப்பாவுல படுத்தா உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? என் வீட்ல இடம் இருக்கு. ஆனா பாதிரியார் வந்து சொல்ல வேண்டியதைச் சொன்னப்புறம்தான். முதல்ல கழுதையைக் கூட்டிட்டு வா. அதுக்கு நகம் எப்படி வளர்ந்திருக்கோ, படுபாவி!"

"நானே சீவினேன்."

"அப்ப இன்னும் மோசம்."

மேசைக்காரப் பெண் கை தட்டிவிட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர், "இங்க பெர்மிட் தர்றீங்களா, பொண்ணு தர்றீங்களா?" என்றார்.

எல்டன் கழுதையைக் கூட்டிவரப் போனார். நாங்கள் இரண்டு பேரும் வெளியே படிக்கட்டில் நின்றோம். நான் சீண்டலாம் என்று வாயெடுத்தேன். பார்த்தால் மார்லிஸ் அழுதுகொண்டிருந்தாள். குதிரை உதைத்து விலா முறிந்தபோதுகூட அழாதவள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

"ஆறு தடவை ரோவீனா" என்றாள், மை ஒட்டிய விரலால் மூக்கைத் துடைத்து முகமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு. "ஒரு ஆம்பிளைக்காக ஆறு தடவை நான் விலாசத்தை மாத்தியிருக்கேன். எனக்காக ஒருத்தன் மாத்துவான்னு எனக்குத் தோணினதே இல்லடி. ஒருத்தர்கிட்ட அப்படிக் கேட்கலாம்னுகூட எனக்குத் தெரிஞ்சதில்ல."